செத்தால் நேரம் பின்னோக்கிப் போகும்... 'ரீ:ஜீரோ' அனிமேவின் பலம் என்ன, பலவீனம் என்ன?

வீடியோ கேமில் உயிர் போனால் யாரும் கவலைப்படுவதில்லை. கடைசியாக சேவ் ஆன இடத்திலிருந்து மறுபடியும் ஆரம்பிப்போம். எந்த மூலையில் எதிரி ஒளிந்திருக்கிறான் என்பது இந்த முறை தெரியும். அதனால் ஈஸியாகத் தாண்டிவிடலாம்.

இதே வசதி நிஜ வாழ்க்கையில் ஒருத்தனுக்குக் கிடைத்தால்? "செம ஜாலியா இருக்குமே" என்றுதான் முதலில் தோன்றும். அது வரம் இல்லை, சாபம் என்று 3 சீசன்கள், 66 எபிசோடுகளில் சொல்லும் ஜப்பானிய அனிமே தொடர்தான் 'ரீ:ஜீரோ'.

2016-ல் தொடங்கிய இந்தத் தொடருக்கு உலகம் முழுக்க ரசிகர்கள் இருக்கிறார்கள். "இதைவிட நல்ல ஃபேன்டஸி அனிமே இல்லை" என்பவர்களும் உண்டு, "ஹீரோவைப் பார்த்தாலே எரிச்சலா வருது" என்று பாதியில் நிறுத்தியவர்களும் உண்டு. இரண்டு தரப்பும் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஏன் என்று பார்க்கலாம் வாங்க.

(ஒரு சின்ன எச்சரிக்கை: கதையின் சில முக்கியத் திருப்பங்கள் இந்தக் கட்டுரையில் வருகின்றன. முதல் இரண்டு சீசன்களை இன்னும் பார்க்காதவர்கள், 'யார் பார்க்கலாம், எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?' என்ற பகுதிக்கு நேராகப் போய்விடலாம்.)

எழுதியது யார், எடுத்தது யார்?

தப்பேய் நாகாட்சுகி என்ற எழுத்தாளர் 2012-ல் ஒரு ஜப்பானிய இணையதளத்தில் எழுத ஆரம்பித்த தொடர்கதை இது. தளத்தின் பெயர் 'ஷோசெட்சுகா நி நரோ'. 'நாவலாசிரியர் ஆகலாம் வாங்க' என்கிற மாதிரி அர்த்தம். யார் வேண்டுமானாலும் கதை எழுதிப் போடலாம், வாசகர்கள் இலவசமாகப் படிக்கலாம்.

கதைக்கு வரவேற்பு கிடைத்ததும், ஷினிச்சிரோ ஒட்சுகா வரைந்த படங்களுடன் 2014 முதல் புத்தகமாக வெளிவரத் தொடங்கியது. அடுத்து 'ஒயிட் ஃபாக்ஸ்' என்ற ஸ்டுடியோ அதை அனிமே ஆக்கியது. முதல் சீசன் 2016 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 25 எபிசோடுகள். இயக்கம் மசாஹாரு வதனபே.

இரண்டாவது சீசன் 2020 ஏப்ரலில் வந்திருக்க வேண்டியது. கொரோனாவால் ஜூலைக்குத் தள்ளிப்போனது. நடுவில் ஒரு இடைவெளி விட்டு 2021 மார்ச்சில்தான் அதன் 25 எபிசோடுகளும் முடிந்தன. மூன்றாவது சீசன் 2024 அக்டோபரில் ஆரம்பித்து, அதுவும் இரண்டு பாகமாக 2025 மார்ச்சில் முடிந்தது. மொத்தம் 16 எபிசோடுகள். இந்த சீசனை இயக்கியவர் மசாஹிரோ ஷினோஹாரா.

தொடரின் முழுப் பெயரைத் தமிழில் சொன்னால், 'சைபரிலிருந்து ஆரம்பிக்கும் வேற்றுலக வாழ்க்கை'. நம் உலகத்து ஆள் ஒருவர் மாயாஜால உலகத்தில் போய் விழும் இந்த வகைக் கதைகளை ஜப்பானில் 'இசேகாய்' என்பார்கள். 'வேற்றுலகம்' என்று பொருள்.

கதை என்ன?

நட்சுகி சுபாரு பள்ளிக்கூடம் போகாமல் வீட்டிலேயே அடைந்து கிடக்கும் பையன். ஒருநாள் ராத்திரி கடைக்குப் போய் நொறுக்குத்தீனி வாங்கிக்கொண்டு வெளியே வருகிறான். கண்ணை மூடித் திறந்தால் குதிரைவண்டிக்குப் பதில் டிராகன் வண்டி ஓடும் ஒரு ஊர். லுகுனிகா என்ற ராஜ்ஜியத்தின் தலைநகரம் அது. கையில் ஒரு பிளாஸ்டிக் பை, ஒரு செல்போன், உடம்பில் ஒரு டிராக் சூட். அவ்வளவுதான் சொத்து.

இசேகாய் கதைகளில் வழக்கமாக இந்த இடத்தில் ஹீரோவுக்கு ஏதாவது ஒரு மகா சக்தி கிடைக்கும். சுபாருவும் அப்படித்தான் எதிர்பார்க்கிறான். எதுவும் கிடைக்கவில்லை. வெள்ளி நிற முடியுள்ள ஒரு பெண் அவனை ரவுடிகளிடமிருந்து காப்பாற்றுகிறாள். அவளிடமிருந்து திருடப்பட்ட பொருளைத் தேடப்போன இடத்தில் இரண்டு பேரும் கொல்லப்படுகிறார்கள்.

கண் விழித்தால், பகலில் நின்ற அதே பழக்கடை வாசல். அதே கடைக்காரர். செத்தது அவனுக்கு மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது. மற்ற எல்லோருக்கும் அப்படி ஒன்று நடக்கவே இல்லை.

அந்த ஒரே ஒரு நாளைத் தாண்டுவதற்கு சுபாரு மூன்று முறை சாக வேண்டியிருக்கிறது. இந்தச் சக்தியை ஜப்பானிய மொழியில் 'ஷினி மோடோரி' என்கிறார்கள். செத்துத் திரும்புதல்.

விதிகள் மூன்றே மூன்றுதான்

டைம் டிராவல் கதைகளில் பெரும்பாலும் விதிகளை விளக்கவே பாதி நேரம் போய்விடும். ரீ:ஜீரோவின் விதிகள் ஒரு கை விரலுக்குள் அடங்கும்.

ஒன்று, சுபாரு செத்தால் நேரம் பின்னால் போகும். எவ்வளவு பின்னால் என்பதை அவன் முடிவு செய்ய முடியாது. ஒரு பெரிய சிக்கலைத் தாண்டியதும் அவன் திரும்பி வரும் இடமும் தானாகவே முன்னால் நகர்ந்துவிடும்.

இரண்டு, ஞாபகம் அவனுக்கு மட்டும்தான். வலியும் பயமும் அந்த ஞாபகத்தோடு சேர்ந்தே திரும்பி வரும்.

மூன்று, இதை அவன் யாரிடமும் சொல்லக் கூடாது. சொல்ல வாயெடுத்தால் கறுப்பாக ஒரு கை வந்து அவன் இதயத்தைப் பிடித்து நசுக்கும். ஒருமுறை எமிலியாவிடம் சொல்ல முயன்றபோது, அந்தக் கை பறித்தது அவன் உயிரை இல்லை, அவள் உயிரை.

தொடரின் பலம், பலவீனம் எல்லாமே இந்த மூன்று விதிகளிலிருந்துதான் வருகின்றன.

பலம் 1: எதிர்காலம் தெரிந்தால் மட்டும் ஜெயிக்க முடியாது

சாவதால் நேரம் திரும்பும் கதை புதிது இல்லை. ஹிரோஷி சகுராசகா எழுதி 2004-ல் வந்த 'ஆல் யூ நீட் இஸ் கில்' நாவலில் இது உண்டு. டாம் க்ரூஸ் நடித்த 'எட்ஜ் ஆஃப் டுமாரோ' (2014) அந்த நாவலிலிருந்து வந்த படம்தான். அதில் ஒவ்வொரு முறை சாகும்போதும் ஹீரோவின் சண்டைத் திறமை கூடும். பயிற்சி எடுப்பது மாதிரி.

சுபாருவுக்கு அப்படி எதுவும் கூடுவதில்லை. எதிரியின் வாள் எங்கிருந்து வரும் என்று தெரிந்தாலும் தடுக்க உடம்பில் பலம் வேண்டுமே! அதைவிட முக்கியம், அவனுக்குத் தெரிந்த விஷயமே சில சமயம் அவனுக்கு எதிராகத் திரும்புகிறது.

முதல் எபிசோடுகளிலேயே இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. வெள்ளி முடிப் பெண் தன் பெயர் 'சடெல்லா' என்று சொல்லியிருப்பாள். செத்துத் திரும்பிய பிறகு அவளைத் தெருவில் பார்த்ததும், சுபாரு சந்தோஷமாக "சடெல்லா!" என்று கூப்பிடுகிறான். அவள் முகம் மாறிவிடுகிறது. சடெல்லா என்பது அந்த உலகமே உச்சரிக்க அஞ்சும் ஒரு சூனியக்காரியின் பெயர். இவனை அவளுக்கு யாரென்றே தெரியாது. முன்பின் தெரியாத ஒருவன் நடுத்தெருவில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் எப்படி இருக்கும்? அவளுடைய உண்மையான பெயர் எமிலியா.

போன வாழ்க்கையில் கிடைத்த ஒரு நல்ல நினைவு, இந்த வாழ்க்கையில் ஓர் அவமரியாதை ஆகிவிடுகிறது. நேரத்தைத் திருப்பலாம், சம்பாதித்த நம்பிக்கையைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. ரீ:ஜீரோவின் மொத்தக் கதையும் இந்த ஒரு புள்ளியில்தான் நிற்கிறது.

பலம் 2: சாவுக்கு விலை இருக்கிறது

செத்தாலும் திரும்பி வந்துவிடுவான் என்று தெரிந்துவிட்டால் ஆடியன்ஸுக்கு என்ன பதற்றம் இருக்கும்? இந்த வகைக் கதைகள் எல்லாமே சந்திக்கும் கேள்வி இது. ரீ:ஜீரோ இதற்குத் தரும் பதில், ஒவ்வொரு சாவும் சுபாருவின் மனதில் ஒரு காயத்தை விட்டுவிட்டுப் போகிறது என்பது.

இரட்டையர்களான ரெம், ராம் வேலை செய்யும் மாளிகைப் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். சுபாரு அங்கே அவர்களோடு சிரித்துப் பேசி, சேர்ந்து வேலை செய்து நண்பனாகிறான். பிறகு ஒரு இரவில் செத்துப்போகிறான். திரும்பி வந்தால் அந்த நான்கு நாள் நட்பு யாருக்கும் ஞாபகம் இல்லை. மறுபடியும் முதல் நாளிலிருந்து அறிமுகம்.

இதில் இன்னொரு கொடுமை. ஒவ்வொரு முறை செத்துத் திரும்பும்போதும் அவன்மேல் சூனியக்காரியின் வாசனை கூடிக்கொண்டே போகிறது. அந்த வாசனையை மோப்பம் பிடிக்கும் ரெம், அவனை எதிரியின் ஆள் என்று நினைத்துத் தாக்குகிறாள். அடுத்த வாழ்க்கையில் அவளுக்கு அது எதுவும் தெரியாது. தன்னைக் கொல்ல வந்த முகத்தைப் பார்த்து, சுபாரு மறுபடியும் சிரித்துக்கொண்டே "வணக்கம்" சொல்ல வேண்டும். அவனால் சிரிக்க முடியவில்லை. நடிக்கிறான், திணறுகிறான், ஒரு கட்டத்தில் உடைந்து அழுகிறான்.

சுபாருவுக்குக் குரல் கொடுத்த யூசுகே கோபயாஷியின் உழைப்பு இங்கே பெரிது. அவன் கத்தலும், மூச்சிரைப்பும், பயந்துபோய் சிரிக்கும் சிரிப்பும் காதை விட்டுப் போக ரொம்ப நேரமாகும்.

பலம் 3: ஹீரோவின் அசிங்கத்தை மறைக்கவில்லை

முதல் சீசனின் நடுப்பகுதி. அரச பதவிக்கான தேர்வு நடக்கும் அரண்மனைக்கு வரக் கூடாது என்று எமிலியா சொல்லியும், வாக்கை மீறிப் போகிறான் சுபாரு. அத்தனை பெரிய மனிதர்கள் முன்னால் தன்னை அவளுடைய வீரன் என்று அறிவித்துக்கொள்கிறான். எல்லோரும் சிரிக்கிறார்கள். ஜூலியஸ் என்ற வீரன் அவனை மரக்கத்தியால் அடித்துத் துவைத்துவிடுகிறான்.

"ஏன் இப்படியெல்லாம் செய்தாய்?" என்று எமிலியா கேட்கும்போது சுபாருவின் பேச்சு மாறுகிறது. உனக்காக நான் எவ்வளவு செய்திருக்கிறேன் தெரியுமா, நீ எனக்குக் கடன்பட்டிருக்கிறாய் என்கிற தொனிக்கு வந்துவிடுகிறான். அவன் எத்தனை முறை செத்தான் என்பது அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும், அவள் கேட்காமலே செய்த உதவிக்கு அன்பை வட்டியாகக் கேட்பது சரியா? 'நான் உன்னை விரும்புகிறேன், அதனால் நீ என்னை விரும்பியே ஆக வேண்டும்' என்று நினைக்கும் ஆண்களின் முகத்துக்கு நேராகக் கண்ணாடி பிடிக்கும் காட்சி இது. எமிலியா அவனை விட்டு விலகிப் போய்விடுகிறாள். தொடர் அவள் பக்கம் நிற்கிறது.

இதற்கு மருந்தாக வருவதுதான் முதல் சீசனின் 18-வது எபிசோடு. எல்லாவற்றிலும் தோற்றுப்போன சுபாரு, தன்னிடம் இருக்கும் எல்லாக் குறைகளையும் ரெம்மிடம் கொட்டுகிறான். அவள் அவனிடம் பார்த்த நல்ல விஷயங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறாள். சண்டை இல்லை, மந்திரம் இல்லை. ஏறக்குறைய மொத்த எபிசோடும் இரண்டு பேர் பேசுவதுதான். தொடரின் பெயரில் இருக்கும் 'சைபரிலிருந்து' என்ற சொல்லுக்கு அங்கேதான் அர்த்தம் கிடைக்கிறது.

அதற்குப் பிறகும் சுபாருவுக்குப் புதுச் சக்தி எதுவும் வந்துவிடவில்லை. அடுத்த எபிசோடிலேயே அவன் செய்வது பேச்சுவார்த்தை. வெள்ளைத் திமிங்கலம் என்ற ராட்சத மிருகம் எப்போது, எங்கே வரும் என்பது அவனுக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று சொல்ல முடியாதே! கையிலிருக்கும் செல்போனைக் காட்டி, அது திமிங்கலம் வருவதைச் சொல்லும் மந்திரக் கருவி என்று அடித்துவிடுகிறான். அதை வைத்துப் பெரிய இடத்து ஆட்களைக் கூட்டுச் சேர்க்கிறான். முதல் நாளில் உபயோகமே இல்லாதது மாதிரி இருந்த செல்போன், 19-வது எபிசோடில் ஒரு படையையே திரட்டித் தருகிறது. நல்ல திரைக்கதைக்கு இது ஒன்றே போதும்.

பலம் 4: தன் விதியையே கேள்வி கேட்கிறது

ரசிகர்களிடம் ஒரு சந்தேகம் இருந்துகொண்டே இருந்தது. சுபாரு செத்து நேரம் திரும்பினால், அவன் விட்டுவிட்டு வந்த அந்த உலகம் என்ன ஆகிறது? அங்கே எமிலியா, ரெம் எல்லாம் அவன் பிணத்தின் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறார்களா?

இரண்டாவது சீசன் இந்தக் கேள்வியை நேராகக் கையில் எடுக்கிறது. அவன் செத்த பிறகு நடந்திருக்கக்கூடிய காட்சிகள் ஒவ்வொன்றாக அவன் முன்னால் விரிகின்றன. அவை உண்மையா, கற்பனையா என்று தொடர் அடித்துச் சொல்வதில்லை. ஆனால் அன்று முதல் 'செத்தால் சரியாகிவிடும்' என்று அவனால் லேசாக நினைக்க முடிவதில்லை. நம்மாலும்தான்.

அதே சீசனில் எகிட்னா என்ற சூனியக்காரி அவனிடம் ஓர் ஒப்பந்தம் பேசுகிறாள். அவள் சொல்படி ஒவ்வொரு வழியாக முயன்று, செத்துச் செத்து, கடைசியில் மிகச் சரியான முடிவை அடையலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவளுக்கு அவன் ஒரு சோதனைக்கூட எலி. எத்தனை முறை செத்தாலும் அவளுக்கு அது சுவாரசியமான தகவல் மட்டுமே.

அவளுக்கு நேர் எதிராக வந்து நிற்பவன் ஓட்டோ, ஒரு சாதாரண வியாபாரி. எல்லாவற்றையும் தனியாகச் சுமக்கும் சுபாருவின் முகத்தில் ஓங்கி ஒரு குத்து விட்டு, உதவி கேட்கச் சொல்லித் திட்டுகிறான். சுபாருவின் ரகசியம் அவனுக்குத் தெரியாது, தெரியவும் தேவையில்லை. நண்பன் கஷ்டத்தில் இருக்கிறான் என்பது மட்டும் போதும். அதன் பிறகு, மறுபடி செத்துத் திரும்புவதை நம்பாமல் இந்த முறையே ஜெயித்துக் காட்டுகிறேன் என்று சுபாரு பந்தயம் கட்டுகிறான். டைம் லூப் கதையின் ஹீரோ, டைம் லூப் வேண்டாம் என்று சொல்லும் இடம் அது.

சரி, பலவீனமே இல்லையா?

நிறையவே இருக்கிறது. அதில் சில, மேலே சொன்ன பலங்களின் மறுபக்கம்தான்.

பலவீனம் 1: ஒரு கட்டத்துக்கு மேல் பழகிவிடுகிறது

ஒரு கேரக்டர் கொடூரமாகச் சாகும்போது முதல் முறை அதிர்ந்துபோகிறோம். இரண்டாவது முறையும் அப்படியே. ஐந்தாவது முறை? "எப்படியும் திரும்பிடும்" என்ற எண்ணம் வந்துவிடுகிறது. எல்லோரும் ஒரே நேரத்தில் செத்தால், அந்தச் சுற்று தேறாது என்று எளிதாகக் கண்டுபிடித்துவிடலாம்.

அப்போது அந்தச் சாவுகள் சுபாருவுக்குப் பாடம் சொல்லித்தர மட்டும் நடப்பது போலத் தெரிகின்றன. ரத்தத்தின் அளவைக் கூட்டி அதிர்ச்சியைத் தக்கவைக்கப் பார்க்கும் இடங்களும் உண்டு. அங்கே கதை கொஞ்சம் மலிந்துவிடுகிறது.

பலவீனம் 2: ரைட்டருக்கு வசதியான விதிகள்

சுபாரு எந்த இடத்துக்குத் திரும்புவான் என்பதை அவன் முடிவு செய்ய முடியாது, சரி. அப்போ யார் முடிவு செய்கிறார்கள்? கதைக்குள் இதற்குத் தெளிவான பதில் இன்னும் வரவில்லை. கதைக்கு வெளியே பதில் சுலபம், எழுத்தாளர்தான். ஒருவரைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அந்த இடம் பின்னால் இருக்கிறது, ஒரு இழப்பு நிலைக்க வேண்டுமென்றால் முன்னால் நகர்ந்துவிடுகிறது.

இரண்டாவது சீசனின் தொடக்கம் இதற்கு நல்ல உதாரணம். ரெம் பற்றிய நினைவு உலகத்தில் எல்லோரிடமிருந்தும் அழிந்து, அவள் எழ முடியாத தூக்கத்தில் விழுகிறாள். அவளை மீட்க சுபாரு தானே உயிரை விடுகிறான். கண் விழித்தால், தூங்கும் ரெம்மின் பக்கத்திலேயே இருக்கிறான். மிக வலுவான காட்சி. ஆனால் 'ஏன் இந்த முறை மட்டும்?' என்று கேட்டால் பதில் இல்லை.

அவனை அந்த உலகத்துக்கு யார் கூட்டிவந்தது, ஏன் இந்தச் சக்தி என்ற அடிப்படைக் கேள்விகளுக்கும் 66 எபிசோடுகள் முடிந்த பிறகும் முழுப் பதில் இல்லை.

பலவீனம் 3: பெண் கதாபாத்திரங்கள் காத்திருக்க வேண்டியிருக்கிறது

கதையே எமிலியாவைக் காப்பாற்றுவதில்தான் ஆரம்பிக்கிறது. ஆனால் முதல் சீசனின் பின்பாதியில் பல எபிசோடுகளுக்கு அவளைக் காணோம். அவள் யார், என்ன ஆசைப்படுகிறாள், எதற்குப் பயப்படுகிறாள் என்பதை உட்கார்ந்து சொல்லவே இரண்டாவது சீசனின் பின்பாதி வரை ஆகிவிட்டது. அவளுடைய காட்டுக் கிராமத்துச் சிறுவயதுக் கதை வரும்போதுதான் அவளை ஒரு மனுஷியாகப் பார்க்க முடிகிறது.

அந்த இடைவெளியில் ரெம் எல்லோர் மனதிலும் இடம்பிடித்துவிட்டாள். அவளுக்கும் ஒரு பிரச்சினை உண்டு. 18-வது எபிசோடில் அத்தனை அன்பையும் கொட்டிய பிறகு, சுபாரு தான் விரும்புவது எமிலியாவை என்கிறான். அவளும் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொள்கிறாள். ஹீரோவை எழுப்பி நிறுத்தியதோடு அவள் வேலை முடிந்ததா என்று கேட்பவர்களுக்குத் தொடரிடம் நல்ல பதில் இல்லை. அடுத்த சீசன் முழுக்க அவளைத் தூங்கவும் வைத்துவிட்டார்கள்.

பலவீனம் 4: பேச்சு, பேச்சு, பேச்சு

இரண்டாவது சீசனின் முதல் பாதி பொறுமையைச் சோதிக்கும். ஒரு கல்லறை, ஒரு மாளிகை, இரண்டுக்கும் நடுவில் அலையும் சுபாரு. ஏழு சூனியக்காரிகள், பாவப் பேராயர்கள், சுவிசேஷம், சோதனை என்று புதுப்புதுச் சொற்கள் வந்துகொண்டே இருக்கும். நீளமான நாவலின் பக்கங்களை 24 நிமிடத்துக்குள் அடைப்பதால் கேரக்டர்கள் மூச்சு விடாமல் பேசுகிறார்கள். நேரம் பற்றாமல் ஆரம்பப் பாட்டையும் முடிவுப் பாட்டையும் வெட்டிவிட்டுக் கதையை ஓட்டிய எபிசோடுகள் ஏராளம். மொபைலில் சப்டைட்டில் படித்துக்கொண்டு பார்ப்பவர்களுக்கு இது கஷ்டம்தான்.

மூன்றாவது சீசனில் பிரச்சினை வேறு மாதிரி. பிரிஸ்டெல்லா என்ற தண்ணீர் நகரத்தை நான்கு பாவப் பேராயர்கள் கைப்பற்றுகிறார்கள். ஊரின் நாலு மூலையிலும் ஒரே நேரத்தில் சண்டை. செத்துத் திரும்பும் விஷயம் ஆரம்பத்தோடு பின்வாங்கிவிடுகிறது. சுபாரு ஊர் மக்களிடம் தன் பயத்தை மறைக்காமல் ஒலிபெருக்கியில் பேசும் காட்சி அருமை. மற்றபடி, இந்தத் தொடருக்கே உரிய அந்தத் தனிமை உணர்வு குறைந்து, பல ஹீரோக்கள் சேர்ந்து சண்டைபோடும் வழக்கமான ஃபேன்டஸியாக மாறும் இடங்கள் அதிகம்.

இதைத் தெரிந்துகொண்டு பார்ப்பது நல்லது

இந்தத் தொடரில் ரத்தமும் சித்திரவதையும் வெளிப்படையாக வருகின்றன. கார்ட்டூன்தானே என்று சின்னப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடாதீர்கள்.

இன்னொன்றும் முக்கியம். ஹீரோ நேரத்தைத் திருப்ப வேண்டும் என்பதற்காகத் தானே உயிரை விடும் காட்சிகள் சில இடங்களில் உண்டு. தொடர் அதைப் பெருமையாகக் காட்டவில்லை. உன் உயிருக்கு நீயே மதிப்புக் கொடுக்கக் கற்றுக்கொள் என்பதுதான் இரண்டாவது சீசன் அவனுக்குச் சொல்லும் செய்தியே. இருந்தாலும், மனம் சோர்ந்திருக்கும் நேரத்தில் பார்ப்பவர்களை அந்தக் காட்சிகள் பாதிக்கக்கூடும். கதையில் அவன் திரும்பி வருவான், நிஜத்தில் யாரும் வருவதில்லை. மனது பாரமாக இருந்தால் இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம். சுபாருவுக்குத்தான் வாயைத் திறக்க முடியாத சாபம். நமக்கு இல்லை.

யார் பார்க்கலாம், எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

மாயாஜாலச் சண்டைக்காக மட்டும் பார்ப்பவர்களுக்கு இது ஏமாற்றம் தரலாம். ஒரு மனிதன் தோற்று, அசிங்கப்பட்டு, மெதுவாகத் திருந்துவதைப் பார்க்கப் பொறுமை இருப்பவர்களுக்குப் பெரிய விருந்து.

முதல் எபிசோடு வழக்கத்தைவிட இரண்டு மடங்கு நீளம். அதை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ரெம், ராம் வரும் மாளிகைக் கதை 11-வது எபிசோடோடு முடிகிறது. அதுவரை பார்த்தும் பிடிக்கவில்லை என்றால் தாராளமாக நிறுத்திக்கொள்ளலாம். பிடித்திருந்தால், அடுத்து வரும் மூன்று நான்கு எபிசோடுகளில் ஹீரோமேல் வரும் எரிச்சலைப் பொறுத்துக்கொண்டு 18 வரை போய்விடுங்கள். அந்த எரிச்சல் வேண்டுமென்றே வரவழைக்கப்பட்டது.

முதல் சீசனுக்குப் பிறகு 'மெமரி ஸ்னோ' (2018), 'ஃப்ரோசன் பாண்ட்' (2019) என்று இரண்டு சிறு படங்கள் வந்தன. முதலாவது மாளிகையில் நடக்கும் கலகலப்பான கதை. பார்க்காவிட்டாலும் நஷ்டமில்லை. இரண்டாவது, எமிலியாவும் அவளுடைய காவல் ஆவியான பக்கும் சந்தித்த கதை. இரண்டாவது சீசனுக்கு முன்னால் பார்த்தால் எமிலியாவைப் புரிந்துகொள்ள உதவும். பிறகு சீசன் 2, சீசன் 3 என்று வரிசையாகப் போகலாம். 'க்ரஞ்சிரோல்' தளத்தில் ஆங்கில சப்டைட்டிலோடு தொடர் கிடைக்கிறது. மூன்றாவது சீசன் முடிந்த கையோடு நான்காவது சீசனையும் அறிவித்துவிட்டார்கள்.

பெயரில் இருக்கும் நட்சத்திரம்

ஒரு கொசுறுத் தகவல். ஜப்பானிய மொழியில் 'சுபாரு' என்றால் நாம் கார்த்திகை என்று சொல்லும் நட்சத்திரக் கூட்டம். முதல் சீசனின் முக்கிய வில்லன் பெட்டல்கியூஸின் பெயர் திருவாதிரை நட்சத்திரத்திலிருந்து வந்தது. மற்ற பாவப் பேராயர்களில் ரெகுலஸ் நம் மகம், சிரியஸ் வானத்திலேயே பிரகாசமான நட்சத்திரம். நட்சத்திரப் பெயர்களுக்கு நடுவில் சுபாருவுடையது மட்டும் ஒற்றை நட்சத்திரம் இல்லை, ஒரு கூட்டம்.

இதை யோசித்துத்தான் வைத்தார்களோ என்னவோ, கதைக்கு அது கச்சிதமாகப் பொருந்துகிறது. தனியாக நின்று எல்லாவற்றையும் சரிசெய்யப் பார்க்கும்போதெல்லாம் சுபாரு தோற்கிறான். ரெம், ஓட்டோ, எமிலியா என்று யாரையாவது நம்பி உதவி கேட்கும்போதுதான் ஜெயிக்கிறான்.

மொத்தத்தில்...

ரீ:ஜீரோ குறையில்லாத தொடர் இல்லை. நீளம் அதிகம், பேச்சு அதிகம், சில கேள்விகளுக்கு இன்னும் பதில் பாக்கி. நேரம் திரும்பும் தந்திரமே சில இடங்களில் அதன் சாவுகளின் கனத்தைக் குறைத்துவிடுகிறது.

ஆனால் 'இன்னொரு சான்ஸ் கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும்' என்று நாம் எல்லோரும் எப்போதாவது நினைக்கிறோமே, அந்த நினைப்பை இவ்வளவு தைரியமாகப் பிரித்துப் பார்த்த அனிமேக்கள் குறைவு. அந்தச் சான்ஸ் கிடைத்தாலும் நீ அதே ஆளாக இருந்தால் அதே தப்பைத்தான் செய்வாய் என்று சுபாருவை வைத்துக் காட்டுகிறது. நேரத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் பின்னால் நகர்த்தலாம், மன்னிப்பு கேட்பதையும் நம்பிக்கையைச் சம்பாதிப்பதையும் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்துதான் செய்ய வேண்டும். அதற்குச் சேவ் பட்டன் கிடையாது.